செப்டம்பர் நாலாம் தேதியில் குடியிருந்தவள்

காலையில இருந்து இந்தப் பயிற்சி வகுப்புல உங்க பின்னாலயே நின்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். பழைய ப்ரோகிராம்ல இருந்து ஃபைலை எடுக்கிறீங்க, ஸ்ப்ரெட்ஷீட்ல திறக்கிறீங்க, தலைப்பு வரிக்கு மஞ்சக் கலர் அடிக்கிறீங்க, கடைசியில எண்ணிக்கை சரியா இருக்கான்னு ஒரு பார்வை பார்க்கிறீங்க, அனுப்பிட்டு டீ குடிக்கப் போறீங்க. ஒருத்தராவது நடுவுல ஒரு வரியைத் தொட்டு, இந்த ஆள் யாரு, இது நெசம் தானான்னு கேட்டீங்களா? கேட்கலை. மஞ்சக் கலர் மட்டும் நல்லா இருந்துச்சு.

முன் வரிசையில இருக்கிற தம்பி ஒருத்தர் எங்கிட்ட சொன்னார், "சிஸ்டம் பொய் சொல்லாது அக்கா"ன்னு. வாஸ்தவம் தம்பி. பொய் சொல்றதுக்கும் கொஞ்சம் புத்தி வேணும், அது அதுக்குக் கிடையாது. பொய் சொல்றது நாம தான். அதை எப்படிச் சொல்லுவோம், எவ்வளவு மரியாதையாச் சொல்லுவோம்னு என்னை மாதிரி ஒருத்தி சொன்னாத் தான் உங்களுக்கு உறைக்கும். உங்களைத் திட்டுறதுக்கு முந்தி என்னைத் திட்டிக்கிறேன், கேளுங்க.

நான் பெல்மதுளைக்கும் கொடகவெலைக்கும் நடுவுல இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்துல, தொழிலாளிங்க குடியிருக்கிற லயத்துல பொறந்தவ. தோட்டத்துப் பேரு வேணாம். தொண்ணூறுகளோட ஆரம்பத்துல ஆபிஸ்ல சேர்ந்தேன். எங்க லயத்துல இருந்து ஆபிஸ் நாற்காலியில உக்கார்ந்த மொதப் பொம்பளை நான் தான். உக்கார்ந்த அன்னைக்கே தலை கொஞ்சம் பெருத்துப் போச்சு. அப்புறம் கம்ப்யூட்டர் வந்து, அதைத் தட்டத் தெரிஞ்சது எனக்கு மட்டும்னு ஆனதும், மிச்சமிருந்த புத்தியும் போயிருச்சு. மலையில கூடை தூக்குற பொம்பளைங்க ஜன்னல் வழியா என்னை எட்டிப் பார்த்துட்டுப் போவாங்க. நான் நிமிர்ந்து பார்க்க மாட்டேன். வேலையா இருக்கேனாம்.

அது பச்சை எழுத்து மெஷின். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, வேற ஒண்ணும் கிடையாது. தோட்டத்து ஆளுங்க எல்லாரையும் அதுல பதிஞ்சு வெச்சிருந்தோம். பேரு, செக்ரோல்ங்கிற சம்பளப் பதிவு நம்பர், வீட்டுல எத்தனை பேர், எங்க குடியிருக்காங்க. தோட்டத்துல தெருப் பேரா இருக்கு? லயம்னா ஒரே கூரைக்குக் கீழே வரிசையா இருக்கிற வீடுங்க, காம்பரான்னா அதுல ஒரு வீடு, அவ்வளவு தான். ஒம்பதாம் லயத்துல நாலாம் காம்பரான்னா 9/4. என் பாட்டன் காலத்துல இருந்து அப்படித் தான் எழுதுறது. லயம் மொதல்ல, நடுவுல ஒரு சாய்வுக் கோடு, அப்புறம் காம்பரா. எங்க டிவிஷன்ல பதினோரு லயம், லயத்துக்குப் பன்னெண்டு காம்பரா. இந்த ரெண்டு கணக்கையும் ஞாபகம் வெச்சுக்குங்க.

ரெண்டாயிரம் தாண்டி சில வருசம் போயிருக்கும். அதுக்கு முந்தின மழைக்காலத்துல எங்க பக்கம் நெறைய மலைங்க சரிஞ்சிருந்துச்சு. அதனால அரசாங்கத்து ஆளுங்க வந்து, அளந்து பார்த்துட்டு, எங்க ஒம்பதாம் லயத்துக்கு மேல இருக்கிற சரிவு ஆபத்துன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போனாங்க. பெரிய மழை பிடிச்சா அந்தப் பன்னெண்டு குடும்பத்தையும் உடனே கீழே ஸ்கூலுக்குக் கொண்டு போயிரணும். அதுக்கு, யார் யார் எந்த லயத்துல இருக்காங்கன்னு ஒரு லிஸ்ட் வேணும்னு மேல இருந்து கேட்டாங்க. பச்சை எழுத்துல வேணாம், ஸ்ப்ரெட்ஷீட்ல வேணும். லயத்துக்கு ஒரு பத்தி, காம்பராவுக்கு ஒரு பத்தி.

தொரை ரூம்ல அப்ப தான் ஒரு புதுக் கம்ப்யூட்டர் வந்திருந்துச்சு. எங்க மேனேஜர் சிங்களவர் தான், ஆனா தோட்டத்துல யார் மேனேஜரா வந்தாலும் தொரைன்னு தான் சொல்லுவோம். அவர் அந்தப் புது மெஷினுக்குத் துணி தைச்சுப் போர்த்தி வெச்சிருந்தார். தட்டுறது ஒத்தை விரல்ல. அந்த ஒத்தை விரலும் எங்க போகணும்னு என்னைக் கேட்டுத் தான் போகும்.

நான் பழைய மெஷின்ல இருந்து ஃபைலை டிஸ்கெட்ல எடுத்தேன். பேரு, கமா, நம்பர், கமா, 9/4, அந்த மாதிரி வரிசையா. அதைக் கொண்டு போய் புது மெஷின்ல திறந்தேன். 9/4 இருந்த இடத்துல 4-Sep ன்னு நிக்குது. ஒவ்வொரு வரியிலயும் ஒரு தேதி. ஒருத்தன் மே பன்னெண்டுல குடியிருக்கான், ஒருத்தி நவம்பர் மூணுல குடியிருக்கா. என்ன நடந்துச்சுன்னு இன்னைக்கு உங்களுக்குத் தெரியும். அமெரிக்காக்காரன் மாசத்தை மொதல்ல எழுதுவான். 9/4 ஐப் பார்த்ததும் ஒம்பதாம் மாசம் நாலாம் தேதின்னு மெஷின் முடிவு பண்ணிருச்சு. யாரையும் கேட்கலை.

தொரை பின்னால நின்னு, "இது என்னா?"ன்னார். எனக்குத் தெரியலைன்னு சொல்ல வாய் வரலை. "சும்மா தான் சார், நான் கையால திருத்திடுறேன்"னேன். பழைய மெஷினைப் பார்த்துத் திருத்தியிருக்கலாம். அது அடுத்த ரூம்ல தான் இருந்துச்சு, பத்து அடி தூரம். எழுந்து போகலை. எதிர்ல இருக்கிறதைப் பார்த்தே தட்டினேன். நாம நாளை மொதல்ல சொல்லி மாசத்தைப் பின்னால சொல்றவங்க. 4-Sep ஐப் பார்த்ததும் என் கண்ணுக்கு நாலு, ஒம்பது. லயம் நாலு, காம்பரா ஒம்பதுன்னு போட்டேன். அப்படியே நூத்தி முப்பத்தி ரெண்டு வரி. காலையில ஆரம்பிச்சு மத்தியானச் சோத்துக்கு முந்தி முடிச்சுட்டேன்.

இப்ப கவனமாக் கேளுங்க, என் மடத்தனத்தோட உச்சி இது தான். நடுவுல 12-Sep ன்னு ஒண்ணு வந்துச்சு. நான் பாட்டுக்கு லயம் பன்னெண்டுன்னு தட்டப் போனேன். பன்னெண்டாம் லயம்னு ஒண்ணு எங்க டிவிஷன்ல கிடையாது. அங்கேயே கை நின்னிருக்கணும். ஒண்ணு தலைகீழா இருந்தா மிச்சமும் தலைகீழா இருக்குமேன்னு ஒரு சின்னப் புள்ளைக்குக் கூடத் தோணும். எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? இந்த ஒண்ணை மட்டும் மெஷின் மாத்திப் போட்டிருக்குன்னு. அதைத் திருப்பிப் போட்டுட்டு அடுத்த வரிக்குப் போயிட்டேன். அப்படிப் பதினோரு தடவை வந்துச்சு. பதினோரு தடவையும் திருப்பிப் போட்டேன்.

முடிச்சதும் சரி பார்த்தேன், பார்க்காம இல்லை. லயத்துக்குப் பன்னெண்டு குடும்பம் வரணும். எண்ணிப் பார்த்தேன், எல்லா லயத்துலயும் பன்னெண்டு, கொஞ்சம் கூடப் பிசகலை. பிசகாது. நாலாம் லயம் ஒம்பதாம் காம்பராக்காரனை ஒம்பதாம் லயம் நாலாம் காம்பராவுல தூக்கிப் போட்டா, அங்கே இருந்தவ இங்கே வந்துருவா. ஆள் மாறும், எண்ணிக்கை மாறாது. நீங்க காலையில எண்ணிக்கையைப் பார்த்துத் தலையை ஆட்டினீங்களே, அதைத் தான் நானும் ஆட்டினேன்.

லிஸ்ட் மேல போச்சு. நல்லா இருக்குன்னு பதில் வந்துச்சு. தொரை என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். நான் வீட்டுக்குப் போய் எங்க வீட்டுக்காரர்கிட்ட, என்னை விட்டா இந்தத் தோட்டமே நடக்காதுன்னு சொன்னேன். அவர் ஒண்ணும் சொல்லலை, சாப்பிட்டுக்கிட்டு இருந்தார்.

ரெண்டு மாசம் கழிச்சு மழை பிடிச்சுச்சு. மூணாம் நாள் காலையில ஒம்பதாம் லயத்துக்கு மேல மண்ணுல ஒரு வெடிப்பு விழுந்திருக்குன்னு சேதி வந்துச்சு. மத்தியானத்துக்குள்ள லயத்தைக் காலி பண்ணுங்கன்னு போன் வந்துருச்சு. தொரை லிஸ்ட்டை ப்ரிண்ட் எடுத்தார். ஒம்பதாம் லயம், பன்னெண்டு பேர். கணக்கப்பிள்ளை அதை வாங்கிக்கிட்டுப் பெரட்டுக் களத்துக்குப் போனார். தினமும் காலையில ஆளுங்களைக் கூப்பிட்டு வேலைக்குப் பிரிச்சு விடுற இடம் அது. கணக்கப்பிள்ளை அந்த மாசம் தான் வேற தோட்டத்துல இருந்து வந்திருந்தார். எங்க ஆளுங்க முகம் அவருக்குப் பழக்கமில்லை. குடையைப் பிடிச்சுக்கிட்டுப் பேரை மட்டும் வாசிச்சார், வாசிச்ச பேருக்காரங்களை லாரியில ஏறச் சொன்னார். ஆபத்துன்னு சொல்லிக் கூப்பிட்டா யாராவது ஏன்னு கேட்பாங்களா? மூட்டையைக் கட்டிக்கிட்டு ஏறிட்டாங்க.

பத்து மணி இருக்கும், புஷ்பம் ஆபிஸ் ஜன்னலுக்கு வந்தா. பொறந்து பத்தே நாளான புள்ளையைத் துணியில சுத்தி மார்போட அணைச்சுக்கிட்டு, தலையில ஒரு பொலித்தீன் பை. அவ வீட்டுக்காரன் செல்வராஜ் ஸ்டோர்ல வேலைக்குப் போயிட்டான். தேயிலை அரைக்கிற ஃபேக்டரியை நாங்க ஸ்டோருன்னு தான் சொல்லுவோம்.

"அக்கா, எங்க லயத்தைக் காலி பண்ணப் பேரெல்லாம் வாசிச்சாங்களாம். எங்க பேரு வரலையாம்"னா.

நான் லிஸ்ட்டைப் பார்த்தேன். அவளைப் பார்க்கலை. "உன் பேரு ஒம்பதாம் லயத்துல இல்லையே புஷ்பம். நீ நாலாம் லயம், ஒம்பதாம் காம்பரா."

"இல்லைங்கக்கா, நாங்க ஒம்பதாம் லயத்துல தானே இருக்கோம். நாலாம் காம்பரா."

"எப்ப மாறுனீங்க?"

"மாறலையே அக்கா. கல்யாணம் முடிஞ்சதுல இருந்து அங்க தான்."

"லிஸ்ட்ல அப்படி இல்லைம்மா. இது தொரை கையெழுத்து வெச்சு மேல போன லிஸ்ட். நாலாம் லயத்துக்கு ஒரு ஆபத்தும் கிடையாது, நீ பயப்படாம போ."

ஒரு பொம்பளைகிட்ட, அவ புருசனோட வாழுற வீடு அது இல்லைன்னு நான் சொல்லிக்கிட்டு இருக்கேன். மழையில நின்னுக்கிட்டு அவ கேட்டுக்கிட்டு இருக்கா. சண்டை போடுவான்னு நெனைச்சேன், போடலை. "அப்படிங்களா"ன்னு மட்டும் சொல்லிட்டுத் திரும்பிப் போனா. தோட்டத்துல காம்பரா மாத்திக்கிறது சகஜம். அண்ணன் தம்பிக்குள்ள பேச்சு வார்த்தை நின்னு போனா, புதுசா ஒரு கல்யாணம் வந்தா, ஆபிஸ்ல சொல்லாம அவங்களாவே மாறிக்குவாங்க. அதனால ஆபிஸ்காரங்க எங்களுக்கு ஒரு திமிரு உண்டு. ஆளு சொல்றது தப்பு, பேப்பர் சொல்றது சரி.

அரை மணி நேரம் கழிச்சு மிட்வைப் நோனா வந்தாங்க. களவான பக்கத்துச் சிங்கள அம்மா, அதனால மரியாதையா நோனான்னு கூப்பிடுவோம். இருபது வருசமா எங்க தோட்டத்துல பிரசவம் பார்த்தவங்க, தமிழும் சிங்களமும் ஒரே வாயில பேசுவாங்க. ஸ்கூல்ல இருந்து நேரா நடந்து வந்து, நனைஞ்ச சேலையோட தொரை ரூமுக்குள்ளேயே நுழைஞ்சுட்டாங்க. நான் அங்கே தான் இருந்தேன்.

"நங்கி, மொகத மே? தங்கச்சி, என்ன இது? ஒண்ணாம் லயத்துல ஒம்பதாம் காம்பரா வந்திருக்கு, ரெண்டாம் லயத்துல ஒம்பதாம் காம்பரா வந்திருக்கு, மூணாம் லயத்துலயும் அதே. எல்லா லயத்துலயும் ஒம்பதாம் காம்பரா ஆளுங்களை மட்டும் பொறுக்கி எடுத்து அனுப்பியிருக்கீங்க. ஒம்பதாம் லயத்துல இருந்து வந்தது ரெண்டே ரெண்டு குடும்பம்."

அந்த நிமிசமே எனக்கு எல்லாம் புரிஞ்சு போச்சு. 4-Sep, பன்னெண்டாம் லயம், அத்தனையும் வரிசையா வந்து முன்னால நின்னுச்சு. வாயைத் திறந்து சொல்றதுக்கு ஒரு நிமிசம் கூட வேணாம். ஆனா அதுக்குள்ள தொரை எனக்கு ஒரு வழி காட்டிட்டார்.

"இவங்க நமக்குச் சொல்லாம காம்பரா மாத்திக்கிட்டாங்க போல?"

நான், "ஆமாம் சார்"னேன்.

அந்த ரெண்டு வார்த்தையைப் பத்தித் தான் உங்களுக்குச் சொல்லணும்னு வந்தேன். மெஷின் பண்ணின தப்பு ரெண்டு மாசம் சும்மா ஃபைல்ல கிடந்துச்சு. யாருக்கும் ஒரு கீறல் விழலை. நான் கையால தட்டின தப்பும் அப்படித் தான். கண்டுபிடிச்ச உடனே சொல்லியிருந்தா, பதினோரு மணிக்கு முந்தி லயம் காலி. 'ஆமாம் சார்' என்ன பண்ணுச்சு தெரியுமா? தொரைக்குக் கோவம் வந்துருச்சு. ஸ்கூல்ல பன்னெண்டு குடும்பத்துக்குத் தான் இடம். யார் யாரோட மாத்திக்கிட்டாங்கன்னு வீடு வீடா விசாரிச்சு எழுதிட்டு வா, அது வரைக்கும் வேற யாரையும் லாரியில ஏத்தாதேன்னு கணக்கப்பிள்ளைக்கு உத்தரவு போட்டார். அந்த மனுசன் பேனாவும் பேப்பருமா மழையில கிளம்பிட்டார். மாத்தாத காம்பராவை யார்கிட்ட விசாரிச்சு எழுதுறது?

மிட்வைப் நோனா என்னைப் பார்த்தாங்க. "இந்தப் புள்ளைங்கள்ல பாதியை அந்தக் காம்பராவுல வெச்சு நான் தான் வெளிய எடுத்தேன். யாரும் மாறலை நங்கி. உனக்கும் தெரியும்"னு சொல்லிட்டு வெளிய போயிட்டாங்க.

நான் என்ன பண்ணேன்? என் ரூமுக்குப் போய்ப் பச்சை எழுத்து மெஷினைத் திறந்தேன். சரி பார்க்கிறேனாம். புஷ்பம், 9/4. தெரிஞ்சதைத் தெரிஞ்சுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல உக்கார்ந்திருந்தேன். மழை கொட்டுது. என் வேலை போயிரும், ஜன்னல்ல எட்டிப் பார்த்த பொம்பளைங்க சிரிப்பாங்க, எங்க வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லாமச் சாப்பிடுவார். இதைத் தான் நெனைச்சுக்கிட்டு இருந்தேன். அந்தப் பத்து நாள் புள்ளையை நெனைச்சேனான்னு கேட்டா, வெட்கமா இருக்கு, கடைசியில தான் நெனைச்சேன்.

எழுந்து தொரைகிட்டப் போனேன். "சார், யாரும் காம்பரா மாத்தலை. நான் தான் லிஸ்ட்டை மாத்திப் போட்டுட்டேன். ஒம்பதாம் லயத்துல யார் இருந்தாலும் இறக்கணும்."

அவர் முகம் செவந்து போச்சு. "என் கையெழுத்து வெச்சு மேல அனுப்பின லிஸ்ட் அது. நான் போன் பண்ணிக் கேட்கணும்"னு ரிசீவரை எடுத்தார். மழையில லைன் இல்லை. திரும்பத் திரும்ப நம்பரைச் சுத்துறார். லிஸ்ட் தப்புன்னா மேல கேட்காம லயத்தைக் காலி பண்ண முடியாதாம். நான் அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் நிக்கலை. வாழ்க்கையில நான் உருப்படியாப் பண்ணின ஒரு காரியம் அது. அதுவும் லேட்டு.

ஒம்பதாம் லயத்து ஆளுங்க பாதிப் பேர் பெரட்டுக் களத்துல நின்னு கணக்கப்பிள்ளையோட சத்தம் போட்டுக்கிட்டு இருந்தாங்க. நான் நடுவுல போய், "தப்பு என்னுது. நீங்க யாரும் பொய் சொல்லலை. லிஸ்ட்டைத் தூக்கிப் போட்டுட்டு வீட்டுல இருக்கிறவங்களை இறக்குங்க"ன்னு கத்தினேன். என்னைத் திட்டக் கூட யாரும் நிக்கலை, மேல ஓடினாங்க. நானும் அங்கே நின்ன மிட்வைப் நோனாவும் பின்னாலயே ஏறினோம். கிழவனுங்க, புள்ளைங்க, ஒரு நாய்க்குட்டி வரைக்கும் இறக்கியாச்சு. நாலாம் காம்பராக் கதவு சும்மா சாத்தியிருந்துச்சு. தட்டினேன். உள்ளே எட்டிப் பார்க்கலாம்னு கையை வெக்கிறேன், மேல இருந்து மரம் முறியற சத்தம். நோனா என் சேலையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு ஓடினாங்க. நாங்க வளைவு தாண்டித் திரும்பிப் பார்க்கும்போது ஒண்ணாம் காம்பராவுல இருந்து ஆறாம் காம்பரா வரைக்கும் கிடையாது. செம்மண்ணும் தகரமும் தான்.

செல்வராஜ் ஸ்டோர்ல இருந்து ஓடி வந்தான். "புஷ்பம் எங்கக்கா?"ன்னான்.

நான் சொன்னேன், "பத்து மணிக்கு நான் தான்டா வீட்டுக்கு அனுப்புனேன். உள்ளே தான் இருக்கா."

பார்த்தேனா? பார்க்கலை. தெரியுமா? தெரியாது. தெரியாதுன்னு சொல்ல இந்த வாய்க்கு அன்னைக்கும் வரலை.

அவன் வெறும் கையால தோண்ட ஆரம்பிச்சான். இன்னும் நாலு பேர் சேர்ந்துக்கிட்டாங்க. நோனா வேணாம்னு கத்துறாங்க, மேல மண் இன்னும் இறங்குதுன்னு. யார் கேட்கிறது? அரை மணி நேரம் தோண்டியிருப்பாங்க. ரெண்டாவது தடவை சரிஞ்சப்ப மத்தவங்க குதிச்சுட்டாங்க. செல்வராஜ் மேல ஏழாம் காம்பரா செவரு விழுந்துச்சு. கல்லைப் பெயர்த்து இழுத்தப்ப உசுரு இருந்துச்சு. வலது கால் முட்டிக்குக் கீழே பார்க்க முடியலை.

அவனைச் சாக்குல போட்டு ரோட்டுக்குத் தூக்கிக்கிட்டு வரும்போது, எதிர்ல நாலாம் லயத்துப் பாதையில இருந்து புஷ்பம் வர்றா. புள்ளை தோள்ல தூங்குது. சத்தம் கேட்டு வந்தாளாம்.

"எங்கடி போயிருந்தே?"ன்னு கேட்டேன்.

"நாலாம் லயம் ஒம்பதாம் காம்பராவுல இருந்தேன். நீங்க தானே அக்கா அது தான் என் வீடுன்னு சொன்னீங்க? ஆபிஸ்லயே சொல்றாங்க, அங்கே ஆபத்து இல்லைன்னும் சொல்றாங்க. அந்த வீட்டு ஆளுங்களையும் லாரியில கொண்டு போயிட்டாங்க. புள்ளையைத் தூக்கிக்கிட்டு அங்கே போய் உக்கார்ந்துக்கிட்டேன்"னா. அதுக்கப்புறம் தான் சாக்குல இருந்த ஆளைப் பார்த்தா.

லிஸ்ட் தப்பா இருந்ததால தானே அவ பொழைச்சான்னு இதைக் கேட்ட சில பேர் எங்கிட்டச் சொல்லியிருக்காங்க, என்னைத் தேத்துறதுக்கு. அந்த ஆறுதல் எனக்கு வேணாம். அவ பொழைச்சது அவ சாமர்த்தியம். அவ புருசன் கால் போனது என் வாய்.

என்னைப் பத்தி ரெண்டு வார்த்தையில முடிச்சுடுறேன். அறிக்கை எழுதச் சொன்னாங்க. காம்பரா மாத்திக்கிட்டாங்கன்னு ஒரு வரி சேர்த்துக்கலாமேன்னு தொரை மறுபடியும் ஜாடையாச் சொன்னார். நான் சேர்க்கலை. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். மூணு வருசம் என்னைக் கம்ப்யூட்டர் பக்கம் விடலை, மலையில கொழுந்து நிறுக்கிற இடத்துல நிக்க வெச்சாங்க. நல்லது தான். கூடையோட வர்ற ஒவ்வொரு பொம்பளை முகத்தையும் நிமிர்ந்து பார்க்கக் கத்துக்கிட்டேன்.

ஆனா நான் சொல்ல வந்தது அன்னைக்குச் சாயங்காலம் நடந்தது. லாரியில செல்வராஜைப் போட்டுக்கிட்டு நானும் புஷ்பமும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே அவனை உள்ளே தள்ளிக்கிட்டுப் போனதும், மேசையில இருந்தவர் சிங்களத்துல விவரம் கேட்டு எழுதினார். புஷ்பத்துக்குச் சிங்களம் நல்லா வரும். புருசன் பேரு சொன்னா, வயசு சொன்னா, தோட்டத்துப் பேரு சொன்னா. எந்த லயம், எந்த வீடுன்னு அவர் கேட்டார்.

அவ என் பக்கம் திரும்பினா.

"அக்கா, நாங்க எந்த லயம்னு சொல்லட்டும்?"

குத்திக் காட்டியிருந்தா நான் தாங்கியிருப்பேன். அவ கேலிக்குக் கேட்கலை. தப்பா எதையாவது சொல்லிப் புருசனுக்கு வைத்தியம் பார்க்காம விட்டுருவாங்களோன்னு பயந்து, நெசமாவே கேட்டா.

ஒம்பதாம் லயம், நாலாம் காம்பரான்னு நான் தான் சொன்னேன். அவர் எழுதிக்கிட்டார். அந்த வீடு அப்ப மண்ணுக்குள்ள இருந்துச்சு.